சாவியைக் கொடுக்கலாமா, வேண்டாமா?

சென்னையின் பழைய பகுதி ஒன்றிலிருந்து 38 வயது சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். இடத்தையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

குடிசை மாற்று வாரியம் 1970-களில் கட்டிய பிளாக் ஒன்றில் இரண்டாவது மாடியில் இவர் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கணவர் இறந்தபின் 13 வயது மகனோடு அம்மாவிடமே வந்துவிட்டார், தையல் வேலை செய்கிறார். அம்மாவுக்கு வயது 66, முழங்கால் வலி. வீடு அம்மாவுக்கு வாரியம் ஒதுக்கியது அல்ல. ஒதுக்கீடு பெற்றவரிடம் 1997-ல் 70,000 ரூபாய் கொடுத்து, முத்திரைத்தாளில் எழுதி வாங்கியது. ஒதுக்கீட்டு ஆணையின் அசல் கைக்கு வந்துவிட்டது. மீதித் தவணையை அம்மாதான் கட்டி முடித்தார். ஆனால் ரசீது எல்லாம் பழையவர் பெயரிலேயே இருக்கிறது.

இப்போது பிளாக்கை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. கணக்கெடுப்பில் அம்மாவின் பெயருக்கு எதிரில் 'குடியிருப்பவர்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். விற்றவர் இறந்துவிட்டார். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத அவருடைய மகன் போன மாதம் வந்து, "புது வீடு எங்க அப்பா பேர்லதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குடியிருப்போர் சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. சீலிங் பெயர்ந்து விழுகிறது, இடித்துக் கட்டட்டும் என்பது ஒரு பக்கம். காலி செய்தால் அவ்வளவுதான், பெரும்பாக்கத்துக்குத் துரத்திவிடுவார்கள், ஒருத்தர் கையெழுத்துப் போடாவிட்டாலும் இடிக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். இதற்கு நடுவில் ஒருவர், வீட்டுக்கு 15,000 ரூபாய் கொடுத்தால் பெயர் மாற்றித் தருவதாகச் சொல்லி வசூல் செய்துகொண்டிருக்கிறார். அண்ணனோ, ஆவடிப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனவர், "என் பேர்ல எழுதிடு, நான் பார்த்துக்கறேன்" என்கிறார்.

"28 வருஷமா இருக்கோம். 12 வருஷம் இருந்தாலே வீடு நம்மதுன்னு சொல்றாங்க. அம்மா ராத்திரி தூங்கறதே இல்ல. சாவியைக் கொடுக்கலாமா, வேண்டாமா?" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று தகராறு இருக்கிறது. வாரியத்தோடு ஒன்று, விற்றவரின் மகனோடு ஒன்று, அண்ணனோடு ஒன்று. சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுவதால்தான் யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன்.

முத்திரைத்தாள் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

அம்மா வாங்கிய அந்தப் பத்திரத்தால் வீடு அம்மாவுக்குச் சொந்தமாகவில்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள எந்த அசையாச் சொத்தையும் பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் விற்க முடியும். பவர் எழுதி வாங்கினேன், ஒப்பந்தம் போட்டு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன் என்றாலும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்கு விற்ற அன்று அவருக்கே வீடு சொந்தமாகியிருக்கவில்லை. தவணை முடிந்து வாரியம் அவருக்குக் கிரயம் செய்து கொடுக்கும்வரை அவர் வெறும் ஒதுக்கீடுதாரர்தான். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் எப்படி விற்க முடியும்?

அந்த 12 வருஷக் கணக்கையும் மறந்துவிடுங்கள். அரசின் சொத்தாக இருந்தால் அந்தக் காலக்கெடு 30 வருஷம். அதைவிட முக்கியம், எத்தனை வருஷம் இருந்தோம் என்பது மட்டும் கணக்கில்லை. உரிமையாளருக்கு எதிராக, இது என்னுடையது என்று வெளிப்படையாக அனுபவித்திருக்க வேண்டும். நீங்கள் வருஷக்கணக்காக வாரியத்துக்குத் தவணை கட்டியிருக்கிறீர்கள். அதாவது, வீடு வாரியத்துடையது என்று மாதாமாதம் ஒப்புக்கொண்டே வந்திருக்கிறீர்கள். இந்த வாதத்தோடு கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் ரசீதையே எடுத்துக் காட்டுவார்.

பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா? கூடாது. அது சொத்துரிமையைத் தராதே தவிர, பணம் கைமாறியதையும் நீங்கள் அத்துமீறிப் புகுந்தவர் இல்லை என்பதையும் சொல்லும். என்னிடம் முன்பு ஒரு வயதான அம்மா வந்தார். பிஸ்கட் டின் ஒன்றில் 20 வருஷத்துக் கரண்ட் ரீடிங் அட்டைகளையும் பேரனின் தடுப்பூசி அட்டையையும் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். எதிர்த்தரப்பிடம் ஒதுக்கீட்டு ஆணையின் நகல் மட்டும்தான். மேஜைமேல் அந்த டின்னைக் கவிழ்த்தபோது அவர்கள் முகம் மாறியது. வழக்கு கோர்ட்டுக்கே போகவில்லை, சமரசமாக முடிந்தது. உங்களிடம் அசல் ஒதுக்கீட்டு ஆணையே இருக்கிறது. அதை யார் கேட்டாலும், சங்கத் தலைவரே கேட்டாலும், நகல் மட்டும் கொடுங்கள்.

விற்றவரின் மகன்

அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. ஏட்டில் அவருடைய அப்பா பெயர்தான் இருக்கிறது, சரி. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கைமாற்றி, 28 வருஷம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்த குடும்பம் அது. பயனாளி அந்த இடத்தில் உண்மையிலேயே குடியிருக்கிறாரா என்று வாரியமும் பார்க்கும். அவருக்கும் வழி அவ்வளவு சுலபம் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் மிரட்டிப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இங்கே என் யோசனை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவரோடு பேசி முடிப்பதுதான் நல்லது. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய வீட்டுக்கு இன்னொரு தடவை காசா என்று கோபம் வரும், நியாயம்தான். ஆனால் சிவில் வழக்கு என்று இறங்கினால் வருஷங்கள் ஓடும். அதற்குள் பிளாக் இடிபட்டு, புதுக் கட்டடம் எழும்பி, பயனாளிப் பட்டியலில் உங்கள் கதவு எண்ணுக்கு நேரே 'வழக்கு நிலுவை' என்று எழுதியிருக்கும்.

பேசி முடிப்பதாக இருந்தால் மகன் ஒருவரின் கையெழுத்து போதாது. விற்றவரின் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். மனைவி உயிரோடு இருந்தால் அவர், எல்லா மகன்கள், கல்யாணமாகிப் போன மகள்கள், விற்றவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் பங்கு உண்டு. 'பெண்களுக்கெல்லாம் இதில் எதுவும் கிடையாது' என்று அந்த மகன் சொன்னால் நம்பாதீர்கள். எல்லோரும் ஆட்சேபம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதை இணைத்து வாரியத்துக்குப் பெயர் மாற்ற மனு போட வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகக் கொடுங்கள்.

அவர் ஒத்துவராமல் வழக்குப் போடுவார் என்று தோன்றினால், சிவில் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனு போட்டுவையுங்கள். உங்களுக்குத் தெரிவிக்காமல் அவர் தடையுத்தரவு வாங்கிவிட முடியாது. அது 90 நாள்தான் செல்லும், பிறகு திரும்பப் போட வேண்டும்.

15,000 கேட்பவரைப் பற்றி ஒரே வரி: கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

சங்கம் இரண்டாகப் பிரிந்திருப்பது பற்றி

இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தப்பு.

பயப்படுகிறவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. 2000-களின் தொடக்கத்தில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று நகரத்துக்குள் இருந்தவர்களைப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேலே வீடுகள். வீட்டு வேலை, மீன் வியாபாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, படுக்கை மட்டும் இன்னொரு பக்கம் என்று ஆனது. உங்கள் பிளாக்கிலேயே யாருக்காவது அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். பயம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அங்கே போனவர்களில் பெரும்பாலோர் ஆற்றோரம், கால்வாய் ஓரம் இருந்த குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள். உங்களுடையது வாரியமே கட்டி ஒதுக்கிய குடியிருப்பு. அதை அதே மனையில் திரும்பக் கட்டுவது வேறு வகை. இரண்டையும் ஒன்றாகப் பேசினால், கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

'ஒருத்தர் மறுத்தாலும் இடிக்க முடியாது' என்பதும் சரியில்லை. அடுக்குமாடி உரிமைக்காக 2022-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டமே, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. அதுவும் பதிவுப் பத்திரம் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்குத்தான். உங்கள் பிளாக்கில் தவணை முடித்து வாரியத்திடம் கிரயம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று சங்கத்தில் ஒரு கணக்கு எடுங்கள். அவர்களுடைய சம்மதத்துக்கு எடை அதிகம். மற்றவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஒதுக்கீடு பெற்றவர்கள், அல்லது உங்களைப் போல அவர்களிடம் வாங்கியவர்கள். யாரோ ஒருவர் கூட்டத்தில் மும்பை நடைபாதையில் குடியிருந்தவர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1985-ம் வருஷத்து ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல தீர்ப்புதான், பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொன்ன தீர்ப்பு. ஆனால் அது அகற்றவே கூடாது என்று சொல்லவில்லை. நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்டு, முறைப்படி செய் என்றுதான் சொன்னது.

கட்டடத்தின் நிலைமை? சமையல்கட்டில் கம்பி தெரிகிறது, மழைக்குப் பாத்திரம் வைக்கிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் இதே மாதிரி ஒரு பழைய வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. விரிசலைப் பார்த்து சற்று முன்னால் எல்லோரும் வெளியே ஓடிவந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. உங்கள் பையன் அந்தச் சமையல்கட்டுக்குப் பக்கத்தில்தானே படுத்துத் தூங்குகிறான்? 'காலி பண்ணவே மாட்டோம்' என்கிற கோஷத்தில் நான் உங்களோடு நிற்க மாட்டேன்.

அதற்காக, கட்டித் தருகிறோம் என்றதும் கைதட்டவும் வேண்டாம். அதே 2021-ல், ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் சுவர்ப் பூச்சு தொட்டாலே உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருஷம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது எழுந்த கொதிப்புக்குப் பிறகு, இனி மக்களோடு கலந்து பேசித்தான் மறுகுடியமர்த்துவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார். சட்டமன்றத்தில் சொன்னது நல்ல பிடிமானம்தான், சங்கக் கடிதத்தில் மேற்கோள் காட்டுங்கள். ஆனால் அது உங்கள் கதவு எண்ணைப் போட்டுக் கொடுத்த உத்தரவு ஆகாது.

அதனால் இடிப்பதா வேண்டாமா என்று சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுப்பதற்கு முன் எதெது எழுத்தில் வர வேண்டும் என்று இரண்டு தரப்பும் ஒரே பட்டியல் போடுங்கள்.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

ஒன்று, புதிய வீடு அதே இடத்தில்தான் என்பதும், பழைய கதவு எண்ணுக்கு எதிரில் யார் பெயர் இருக்கிறது என்பதும். பட்டியலை பிளாக் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். திருத்தம் சொல்ல அவகாசம் கேளுங்கள்.

இரண்டு, அளவு. '400 சதுர அடி' என்று கூட்டத்தில் சொன்னார்களாம். அது சுவர்கள், பொது இடம் எல்லாம் சேர்த்தா, உள்ளே கால் வைக்கும் தரையா? மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான உள்தரைப் பரப்பு 30 சதுர மீட்டர் வரை என்றுதான் இருந்தது, அதாவது சுமார் 323 சதுர அடி. அம்மாவின் கட்டில், உங்கள் தையல் மெஷின், பையனின் மேஜை மூன்றும் எங்கே வரும் என்று டேப் வைத்து இப்போதைய வீட்டை அளந்துகொண்டு போய்க் கேளுங்கள். கூட்டத்தில் இந்தக் கேள்விதான் எல்லோருக்கும் உடனே புரியும்.

மூன்று, பயனாளி பங்குத்தொகை எவ்வளவு, எத்தனை தவணை, வங்கிக் கடன் உண்டா. கட்டி முடிக்கும்போது தொகை ஏறுமா என்பதையும் கேளுங்கள்.

நான்கு, வெளியே இருக்கும் காலம். இடம் மாறிப் போகிறவர்களுக்கான கருணைத் தொகை 2021-ல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தப்பட்டது. உங்கள் அறிவிப்பில் என்ன தொகை என்று பாருங்கள். 24,000 என்றே வைத்துக்கொண்டாலும், கட்ட 18 மாதம் ஆனால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்த வாடகைக்கு உங்கள் பகுதியில் சைக்கிள் நிறுத்த இடம் கிடைத்தால் சொல்லுங்கள். கட்டுமானம் தாமதமானால் கூடுதல் தொகை உண்டா என்பதைச் சங்கம் அழுத்திக் கேட்க வேண்டும். பையனின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகை வீடு என்ன ஆகும் என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.

ஐந்து, மாடி ஒதுக்கீடு. குலுக்கல் என்றால், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரைத்தளம் முதலில் என்று கேளுங்கள். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் வரும். லிஃப்ட் என்றால் பராமரிப்புக் கட்டணமும் கூடவே வரும். அது நின்றுபோன நாளில் எட்டாவது மாடிக்கு அம்மா எப்படி ஏறுவார்?

இவற்றைக் கேட்டுச் சங்கம் ஒரு கடிதம் கொடுக்கட்டும். தனியாக நீங்களும் ஒன்று கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு: எங்கள் கதவு எண்ணுக்கு ஏட்டில் யார் பெயர், தவணை முழுவதும் வரவாகியிருக்கிறதா, ஒதுக்கீடுதாரரிடம் வாங்கிக் குடியிருப்பவர்களை வரன்முறைப்படுத்த இப்போது அமலில் உள்ள உத்தரவு எது, அதன் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு மிக முக்கியம். வரன்முறைப்படுத்துவது அரசின் கொள்கை முடிவைப் பொறுத்தது, நீங்கள் உரிமையாகக் கேட்டு வாங்கக் கூடியது இல்லை. அதனால் வாசல் திறந்திருக்கும்போதே மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சங்கத்தில் 'ஒரிஜினல்காரங்க', 'வாங்கினவங்க' என்று தனித்தனியாக உட்காருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கினவர்கள் பிரச்சினை வாங்கினவர்களோடு போகட்டும் என்று ஒரிஜினல்காரர்கள் நினைப்பது தப்புக் கணக்கு. பாதி வீடு தகராறில் இருக்கும் பிளாக்கில் மற்றப் பாதிக்கும் வேலை நகராது. மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் அக்காவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் நிலைமைதான் எல்லோரிலும் பலவீனமானது. புது வீட்டில் அவருக்குப் பங்கு கேட்க வழி இல்லை. கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவருக்கு உரிமை உண்டு, அதையாவது சங்கம் நின்று வாங்கிக் கொடுக்கலாம்.

அண்ணன் கேட்பது

அண்ணன் பெயரில் எழுதுவது உதவியே இல்லை, ஆபத்து. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் பணம் இதில் சேர்ந்திருந்தால், பயனாளி குடும்பத்துக்கு இந்தியாவில் எங்கேயும் சொந்தமாக நிரந்தர வீடு இருக்கக் கூடாது. ஆவடியில் வீடு வைத்திருப்பவர் பெயரைக் கொடுத்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே நிராகரிக்கலாம். அந்தத் திட்டத்தில் வீட்டைக் குடும்பத் தலைவி பெயரிலோ, அவரையும் சேர்த்தோதான் தருகிறார்கள். ஆகவே அம்மா பெயர்தான் சரி.

அம்மா காலத்துக்குப் பிறகு என்ன என்பது வேறு விஷயம். உயில் எதுவும் இல்லாவிட்டால் நீங்களும் அண்ணனும் சமபங்கு. அவர் மனதில் அந்தப் பங்கு பற்றிய கவலை இருக்கலாம், அதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வீடு அம்மா பெயருக்கு வந்தபின், உங்களுக்கு எழுதுவதா இருவருக்கும் எழுதுவதா என்பது அம்மாவின் விருப்பம். நீங்களும் அவரை நெருக்க வேண்டாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைக்கும். உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போகும்போது ஒதுக்கீட்டு ஆணை, முத்திரைத்தாள், எல்லா ரசீதுகள், கரண்ட் அட்டை, ரேஷன் கார்டு, பையனின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இரண்டு செட் நகல் எடுத்துப் போங்கள். தவணை ரசீதுகளில் மை மங்கிக்கொண்டு வரும். இந்த வாரமே போனில் படம் எடுத்து, உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், பணம் கொடுத்த அன்று யார் யார் இருந்தார்கள் என்று அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அந்த முத்திரைத்தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் யாராவது இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு, இருந்தால் அவர் முகவரியையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.